அறுபது அறுநூறான இடம்

விடுமுறை நாளின் மதிய வெளிச்சம் ஆய்வுக்கூடத்துத் திரைச்சீலைகளின் வழியே மங்கலாகக் கசிந்துகொண்டிருந்தபோது, யாரும் எழுதாத இடத்தில் யாரோ எழுதியிருப்பதாகக் கணினி சொன்னது.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் பம்புகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் அவன் தலைமைப் பொறியாளன். பிழை தேடும் டீபக்கரில் புது வசதியொன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தான். நினைவகத்தில் ஓரிடத்துக்குக் காவல் வைத்தால் போதும். அதை எந்த வரி மாற்றினாலும் சிப்பே நிரலை அந்த நொடியில் நிறுத்திவிடும். பழைய எண், புது எண், எழுதிய வரி எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். பிறகு ஒரு விசையைத் தட்டத் தட்ட, நின்ற நிரல் ஒவ்வொரு வரியாக நகரும். ஒரே சமயத்தில் நான்கு காவல்கள் வைக்கலாம்.

சோதனைக்கு மேசைமேலிருந்த பம்ப் போர்டில் ஓடவிட்டிருந்தது எதையும் செய்யாமல் சும்மா சுற்றும் நிரல். அது நின்றிருந்தது.

பழையது 60. புதியது 600.

போர்டை வடிவமைத்த நண்பனைப் போனில் பிடித்தான்.

"எழுதுறதுக்கு ஆளே இல்லடா. ஆனா நிக்குது."

"சிப்பு பொய் சொல்லாதுப்பா. போர்டோட பவரைப் பிடுங்கிட்டுப் பாரு."

பிடுங்கினான். போர்டின் பச்சை விளக்கு அணைந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், திரையில் இன்னொரு வரி.

பழையது 60. புதியது 600.

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு பம்பில் மருந்தின் உச்ச வரம்பு இப்படித்தான் மாறியது. நோயாளி விடியும் முன்பே இறந்துபோனார். வரம்பின் மேல் தவறி எழுதிய வரி அவனுடையது. எந்த வரியை யார் எழுதினார் என்ற பதிவில் தன் பெயரை அழித்துவிட்டு, எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட மூத்த பொறியாளரின் பெயரைப் போட்டான்.

"நீயா தம்பி மாத்தினே?" என்று அவள் ஒருமுறைதான் கேட்டாள்.

"நானில்லக்கா."

"சரி. அந்த இடத்துக்குக் காவல் போட்டுடறேன். ஆள் தானா மாட்டுவான்."

அன்று மாலையே அந்தப் பம்பின் போர்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுத்தியலால் நொறுக்கினான். வேலை போய், வழக்கு இழுத்தடித்து, தீர்ப்பு வரும் முன்பே அவள் செத்துப்போனாள். அவன் மாலை வாங்கிக்கொண்டு போனான். அவள் கணவரின் கையைப் பிடித்து அழவும் செய்தான்.

இப்போது அறையில் தைலவாடை. தட்டச்சு செய்து வலிக்கும் மணிக்கட்டுகளில் அவள் தடவிக்கொள்வது. ஏசி காற்றில் முதலில் லேசாக வந்தது. பிறகு, கழுத்துக்குப் பக்கத்தில் யாரோ மூடியைத் திறந்ததுபோல் கண்ணைக் கரித்தது.

திரை தானாக நகர்ந்தது. எழுதிய வரி வந்தது. அன்று அவன் எழுதிய அதே வரி. அதன் ஓரத்தில், அவன் அழித்த அவனுடைய பெயர்.

திரையில் இரண்டாவது காவல் தானாகப் போடப்பட்டது. அவன் விசைப்பலகையைத் தொடவில்லை.

மூன்றாவது.

எழுந்து ஓடிவிட வேண்டும். நாற்காலியின் கைப்பிடியில் கையை ஊன்றினான்.

நான்காவது.

ஏசியின் இரைச்சல் அறுந்தது. காவலில் சிக்கிய நிரலைப்போல, ஊன்றிய கை ஊன்றியபடி நின்றது. இமை இறங்கவில்லை. மூச்சு பாதியில். இதயம் அடுத்த துடிப்புக்குப் போகவில்லை. பயம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ வசதியாக உட்கார்ந்தார்கள்.

"பதறாத தம்பி. ஒவ்வொரு வரியா பாத்துடலாம்."

டக். ஒரு விசை அழுந்தியது.

இதயம் ஒரே ஒருமுறை அடித்து நின்றது.

நெடுநேரம் எதுவுமில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு புறா, விரித்த சிறகோடு காற்றில் அப்படியே தொங்கியது.

டக்.

அலறுவதற்காக அவன் வாய் நூலளவு திறந்தது.