நாத்தனார் முடிச்சு

"தனம், நீ பின்னால நின்னுக்க லா. முடிச்ச தனுஜா போடட்டும்."

கல்யாணக் காலையில், தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த தனலெட்சுமியிடம் அம்மா இப்படிச் சொன்னாள். ஒரே தம்பி மோகனராஜுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் கூடப்பிறந்த அக்கா போடவேண்டும். அந்த உரிமை இப்போது சித்தி மகள் தனுஜாவுக்குப் போகிறதாம்!

"ஏம்மா?"

"அந்தக் கையோடவா? பொண்ணு வீட்டுக்காரவங்க அபசகுனம்னு நெனப்பாங்க... நீ கவனமா வேல செஞ்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

தனம் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். எட்டு மாதமாக இதே பேச்சு. கணவன் தயாளன்கூட, "ஓடுற மெஷின்ல யாராச்சும் கைய விடுவாங்களா?" என்று கேட்டதோடு சரி, அப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விரல் போனவளுக்குக் கோபம் வரக்கூடாதாம், யார் போட்ட சட்டமோ!

நடந்தது வேறு. கெப்பாலா பத்தாஸ் ஊரிலுள்ள கோழி வெட்டும் பேக்டரியில் அவளுக்குத் துப்புரவு வேலை, தம்பி மெக்கானிக். வெட்டும் மெஷினை நிறுத்தி அவள் கத்தியைக் கழுவும்போது, சுவிட்சைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ள வேண்டியவன் அவன். அன்று பூட்ட மறந்தான். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமலே சுவிட்சைத் தட்டியும் விட்டான். விசாரணையில் தனம், "நான்தான் நிறுத்தாம கைய விட்டேன்" என்றாள். தம்பிக்கு வேலை போய், நிச்சயமான கல்யாணம் நின்றுபோகுமே என்ற பயம். அவனும் வாயைத் திறக்கவில்லை. விரல் போனதைவிட அதுதான் வலித்தது.

ஜார்ஜ்டவுன் கோயிலில் கெட்டிமேளம் முழங்கியது. தனம் தூணோரம் தனியாக நின்றாள். மோகன் முதல் முடிச்சைப் போட்டான். தனுஜா குனிந்தாள். அவன் தாலிக்கயிற்றை விடவில்லை.

"அக்கா வரட்டும்."

"நேரம் போவுதுடா," என்றாள் அம்மா.

"அக்கா மேல தப்பில்லம்மா. நான்தான் பூட்டாம சுவிட்ச தட்டினேன். என்னைக் காப்பாத்த அது பொய் சொல்லுச்சு... மேனேஜர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

மணப்பெண் சுபாஷினி தலை நிமிராமலே, "எனக்கும் தெரியும். வாங்க அண்ணி," என்றாள்.

தனம் வந்தாள். இரண்டு விரலில் கயிறு நழுவியது... மறுபடியும் நழுவியது. அம்மாவின் கை வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.

"எம்புள்ளய என்னென்ன சொல்லிட்டேன்... என்னை மன்னிச்சிரு தாயி..."

"அப்புறம் அழுவலாம்மா," என்றாள் தனம். "இப்ப கயித்த விட்டுறாதீங்க."