பேய்க்கு ரத்தம் உறையாது!

செல்போன் அலறியது.

மாணவர்களுக்கு இதய நோய் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த டாக்டரம்மா எரிச்சலுடன் எடுத்தார்.

"டாக்டர்... நான் அச்சகக்காரர் சம்சாரம் பேசறேன்..."

டாக்டரம்மாவின் எரிச்சல் பறந்தது.

அச்சகக்காரர் அவருடைய பழைய நோயாளி. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைப் பழுதாக்க, உலோக வால்வு பொருத்திக்கொண்டவர். அது அடிக்கும் டிக் டிக் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். போன மாதம் ஏரிக்கரையில் அவருடைய கார் அனாதையாக நின்றது. சீட்டெல்லாம் ரத்தம்! பிணம் கிடைக்கவில்லை. அவரைக் கொன்றுவிட்டதாக அச்சகக் கூட்டாளியைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா..."

"அவரோட நெஞ்சுச் சத்தம் வீட்ல கேக்குது டாக்டர்! டிக்... டிக்னு... பீரோவுக்குள்ளேருந்து!"

"என்ன சொல்றீங்க?"

"கட்டின நாள்லேருந்து கூட இருக்கேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? உடனே வாங்க... கெஞ்சிக் கேக்கறேன்!"

கேஸ் டாக்டரம்மாவின் தம்பியிடம் இருந்தது. இன்ஸ்பெக்டர். ஜீப்பிலேயே புலம்ப ஆரம்பித்தான்.

"அக்கா, பேயைப் பிடிச்சா எந்த செக்ஷன்ல உள்ள போடறது?"

"வாயை மூடிட்டு வண்டியை ஓட்டுடா."

பட்டப்பகல். ஆனால் அந்த வீட்டில் எல்லாத் திரைகளும் இழுத்து மூடப்பட்டிருந்தன. படுக்கையறையில் இரண்டு தலையணைகள். ஒன்றில் மட்டும் தலை பதிந்த பள்ளம்.

மூலையில் ஆளுயர மர பீரோ.

"மூச்சு விடாம கேளுங்க..." என்றாள் மனைவி.

கேட்டார்கள்.

டிக்... ட்க்... டிக்...

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் பின்வாங்கினான்.

"அக்கா... போயிடலாம். நான் வேணும்னா இந்த கேஸையே..."

"உஷ்!"

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை பீரோவின் பக்கப் பலகையில் வைத்தார். அதே சத்தம்! எத்தனையோ முறை அந்த மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்ட சத்தம்.

மனைவி அவர் கையைப் பற்றினாள்.

"எப்படி இருக்கு டாக்டர்? முன்ன மாதிரி கணீர்னு இல்லையே... மங்கிட்டே வருதே..."

டாக்டரம்மா அவளைக் கூர்ந்து பார்த்தார். பயந்தவளின் கண்களாக அவை தெரியவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவளின் கண்கள்!

"தம்பி... பீரோவை நகர்த்து!"

"எதுக்குக்கா? உள்ள பேய்..."

"வால்வு சத்தம் மங்கினா அதுல ரத்தம் உறைஞ்சு ஒட்டுதுன்னு அர்த்தம். பேய்க்கு ரத்தம் உறையாதுடா, முட்டாள்!"

பீரோ கிறீச்சிட்டு நகர்ந்தது.

பின்னால் பலகைத் தடுப்பு. இன்ஸ்பெக்டர் ஓங்கி உதைத்தான்.

உள்ளே...

செத்துப்போன அச்சகக்காரர்!

படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடுகள் நீலம். கால்கள் வீங்கியிருந்தன. வாயோரம் இளஞ்சிவப்பில் நுரை.

"நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு... தூக்குடா!"

ஜீப் பறந்தது.

"ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை ஏன் குடுக்கல?" டாக்டரம்மா சீறினார்.

"தீர்ந்துபோச்சு டாக்டர். செத்தவருக்கு மாத்திரை கேட்டா மருந்துக்கடைக்காரர் என்ன நினைப்பார்? யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு இவர் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டார். அதான் சத்தம் கேக்குதுன்னு மட்டும் சொன்னேன். நீங்க கேட்டா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தெரியும்..."

ஆஸ்பத்திரியில் மார்பைத் திறந்து, அடைத்துக்கொண்ட வால்வை எடுத்துவிட்டுப் புதியது பொருத்தினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவர் பேசும் நிலைக்கு வந்ததும் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டினான் இன்ஸ்பெக்டர்.

"உங்க கூட்டாளி எங்கே?"

"ஏரிக்குள்ள..." குரல் நைந்து வந்தது. "போலி மருந்துக்கு லேபிள் அடிச்சான். போலீசுக்குப் போவேன்னு சொன்னேன். வீடு தேடி வந்து சண்டை போட்டான். நான்தான் கொன்னேன். அவன் ரத்தம் பட்ட என் காரைக் கரையில விட்டு, நானே செத்த மாதிரி காட்டிட்டா, நீங்க அவனைத் தேடிட்டே இருப்பீங்கன்னு நினைச்சேன். இவளுக்கு எதுவும் தெரியாது!"

"பொய்!"

மனைவி முன்னால் வந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அந்த விலங்கு என் கைக்குப் போட வேண்டியது சார்."

"ஏய்... பேசாம இருடி!"

"அவன் இவர் கழுத்தை நெரிச்சான். கண்ணு மேல சொருகிடுச்சு. இஸ்திரிப் பெட்டி கையில இருந்தது... ஒரே அடி. நான் ஜெயிலுக்குப் போகக்கூடாதுன்னு இவர் பிணமா ஒளிஞ்சுக்கிட்டார்."

அச்சகக்காரர் குலுங்கி அழுதார்.

"உனக்காகத்தானேடி செத்தேன்... இப்படிப் போட்டு உடைச்சிட்டியே!"

"செத்தது போதும். எனக்காக உயிரோட இருங்க."



இன்ஸ்பெக்டர் மெல்ல விலங்கைக் கழற்றினான். அவள் கையில் மாட்டவில்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"புருஷன் உயிரைக் காப்பாத்த அடிச்சதைக் கோர்ட்ல சொல்லுங்கம்மா. கேப்பாங்க. நடந்தே ஜீப்புக்கு வாங்க."

டாக்டரம்மா தம்பியின் தோளைத் தட்டினார்.

வாசல் வரை போனவன் திரும்பினான்.

"சார்... இனிமே மாத்திரையை ஒழுங்காப் போடுங்க. ரெக்கார்டுல உங்களை உயிரோட இருக்கிறதா மாத்தவே நான் மூணு ஆபீஸ் படியேறணும். இன்னொரு தடவை செத்தீங்கன்னா... என் ஹார்ட் தாங்காது!"