சங்குக்கு விழுங்கியவர்கள்

மருந்தளி இயந்திரத்தின் துளைக்குள் பாக்கியத்தாய் கையை நீட்டினாள். வழக்கமாக மணிக்கட்டில் உள்ள சான்றுக்காப்பு பச்சையாக ஒளிரும். உடனே ஒரு வாரத்துக்கான மாத்திரைப் பட்டை கீழே விழும். இன்று காப்பு மஞ்சளானது. பட்டை விழவில்லை. திரையில் ஒரே ஒரு சொல் வந்து நின்றது: ‘ஐயம்’.

“என்னட்டி, ஐயம்னு போட்டிருக்கு?” என்றான் பின்னால் நின்ற அவள் கணவன் சுடலைமுத்து.

“எனக்கென்ன தெரியும்? மிசினுக்கிட்ட கேளுங்க.”

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுடலைமுத்து தன் இடது சிறுநீரகத்தை அவளுக்குக் கொடுத்திருந்தான். இன்னொருவரிடமிருந்து வந்த உறுப்பை உடம்பு பகையாளியாகவே பார்க்கும். அந்தப் பகையை அடக்கிவைக்க ஆயுள் முழுக்க வேளை தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும். கடையில் வாங்குவதென்றால் அவளுடைய தையல் வருமானம் முழுவதும் போனாலும் போதாது. அதனால் உறுப்புக் காப்பு வாரியம் இலவசமாகவே தந்துவந்தது. ஆனால் விழுங்கியதற்குச் சாட்சி கேட்டது. ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் மணலளவில் ஒரு விழுங்குணரி இருந்தது. இரைப்பையின் அமிலம் பட்டதும் அது விழித்துக்கொண்டு காப்புக்குச் செய்தி சொல்லும். காப்பு, தலைநகரில் இருந்த ஐயறி இயந்திரத்துக்குச் சொல்லும். மாத்திரையை விழுங்காமல் வெளியே விற்பவர்களைப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டது ஐயறி.

செவிலியரிடம் நெடுநேரம் மன்றாடிய பிறகு ‘விசாரணைப் பட்டை’ ஒன்று கிடைத்தது. அது இந்த மாதக் கடைசி வரை மட்டுமே. அதற்குள் ஐயம் தீராவிட்டால் இலவச மாத்திரை அடியோடு நின்றுவிடும்.

வீட்டுக்கு நடக்கையில் சுடலைமுத்து அவள் காப்பையே பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியில் கேட்டேவிட்டான்.

“கேக்கேன்னு கோவப்படாத. மாத்திரைய நெசமா முழுங்கத்தான செய்த?”

அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். “இல்ல, கோழிக்குப் போட்டேன். பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டுதான இருந்தீய?”

“வாயில போட்டதப் பாத்தேன். தொண்டைக்குள்ள எறங்கியா பாக்க முடியும்?”

மஞ்சள் அவளோடு நிற்கவில்லை. நெடுங்குளம் ஊரில் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்ந்த பதினொரு பேருக்கும் அதே நிறம், அதே சொல், அதே விசாரணைப் பட்டை. மறுநாள் காலையில் எல்லோரும் பொன்னையாவின் மின்வண்டிப் பட்டறையில் கூடினார்கள். பொன்னையாவும் அந்தப் பதினொருவரில் ஒருவர். யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

“எவனோ ஒருத்தன் வித்திருக்கான். அவனால எல்லாருக்கும் கேடு,” என்றாள் பாக்கியத்தாய்.

“அதுக்கு என்னைய ஏன் மைனி பாக்கிய?” என்றார் பொன்னையா. “நான் சரக்கு வாங்கிக் கெட்டவன். வித்துக் கெட்டவன் இல்ல.”



விசாரிக்க வாரியத்திலிருந்து சான்றாய்வாளர் ஹெலன் வந்து, கையிலிருந்த பலகையைப் பட்டறை மேசைமீது வைத்தாள். அதில் ஒவ்வொருவரும் விழுங்கிய நேரத்தைக் காட்டும் பதினொரு கோடுகள். எல்லாம் ஒரே இடத்தில் எழும்பி, ஒரே இடத்தில் தாழ்ந்தன.

“இது மாதிரி ஒரு தடவைதான் பாத்திருக்கோம்,” என்றாள். “வேற ஊர்ல ஒருத்தன் மாத்திரைய ஒடச்சு, உணரிய மட்டும் எடுத்துக் கிண்ணத்துல எலுமிச்சைச் சாறு ஊத்தி அதுல போட்டான். சுத்தியும் காப்புகள அடுக்கி வச்சிருந்தான். மாத்திரைத் தூள் எல்லாம் வெளிய வித்துப்போச்சு. உங்க கிண்ணம் யார் வீட்டுல இருக்கு?”

பதில் சொல்ல யாரும் வாய் திறக்கும் முன் நகராட்சிச் சங்கு ஊதியது. காலை எட்டு மணி. பதினொரு பேரும் உடனே மடியிலிருந்தும் பையிலிருந்தும் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள். சற்று நேரத்தில் ஹெலனின் பலகையில் பதினொரு கோடுகளும் ஒன்றாக எழும்பின.

“சங்கா!” என்றாள் ஹெலன்.

“பெரியாசுபத்திரி டாக்டரு தெனமும் ஒரே நேரத்துல போடணும்னாரு,” என்றாள் பாக்கியத்தாய். “எங்க ஊருக்கு நேரம்னா அது சங்குதான மேடம்? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதக் கேட்டாப் போட்டுருவோம்.”

ஹெலன் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “நான் நம்புறேம்மா. ஆனா நான் நம்புறேன்னு அமுக்குறதுக்கு ஐயறில பொத்தான் இல்லையே.”

ஆளுக்கொரு நேரமாகக் கொஞ்சம் முன்பின் மாற்றி விழுங்கிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மாற்றினார்கள். அடுத்த வாரம் காப்புகள் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்குப் போயின. திரையில் இப்போது சொற்கள் கூடியிருந்தன: ‘விசாரணைக்குப் பின் கூட்டாகத் திருத்தம். ஐயம் வலுத்தது.’

பொன்னையாவின் காப்பு மட்டும் பச்சை.

“யாரக் காட்டிக் குடுத்தீரு?” என்று சுடலைமுத்து பட்டறைக்கே போய் அவர் சட்டையைப் பிடித்தான்.

“கைய எடும்வே! மச்சான் வீட்டு வளைகாப்புக்குப் போனேன். மாத்திரைய வீட்டுலயே மறந்து வச்சிட்டுப் போயிட்டேன். ரெண்டு வேளை போச்சு. வாரியத்துக்காரன் என்ன ஏச்சு ஏசுவானோன்னு நடுங்கிக்கிட்டுதான் கைய நீட்டுனேன். முழுப் பட்டையும் விழுதுவே!”

பாக்கியத்தாய் ஹெலனை அழைத்துக் கேட்டாள். மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

“நான் சொன்னதாச் சொல்லாதீங்க. லட்சக்கணக்கான நோயாளிகளப் பாத்துப் பாத்துத்தான் ஐயறி நேர்மையக் கத்துக்கிச்சு. மனுசன்னா மறப்பான். கிண்ணத்துல கெடக்குற உணரி மறக்காது. ஒரு வேளைகூடத் தவறாதவன் யாருன்னு கேட்டா, அதுக்குத் தெரிஞ்சது ஏமாத்துறவன் மட்டுந்தான்.”

மறுநாள் காலையில் மாத்திரை அவள் உள்ளங்கையில் இருந்தது. எதிரே சுடலைமுத்து.

“போடு,” என்றான்.

“போட்டா, மாசக் கடைசில ஒண்ணுமே கெடையாது. விட்டா ரெண்டு வேளைதான போவும்?”

“ரெண்டு வேளையில உடம்பு முழிச்சிக்கிட்டா? ஏட்டி, அது என் கிட்னி.”

“ஒங்க கிட்னிக்காகத்தான் சொல்லுதேன். என்னுதா இருந்தா, வர்றது வரட்டும்னு எப்பவோ வாயில போட்டுருப்பேன்.”

அவன் கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டான். அவள் வாயருகே கொண்டுபோனான். பிறகு விரல்களை மூடி, எழுந்து போய்க் கழுவுதொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டான். இரவு மாத்திரையையும் அவனே தொட்டியில் கரைத்துவிட்டான்.

அந்த வாரம் மருந்தளி முழுப் பட்டையும் தந்தது. கூடவே ஓர் அறிவுரையும் வந்தது: ‘இரு வேளை தவறியுள்ளது. உங்கள் உறுப்பு விலைமதிப்பற்றது. இனிக் கவனமாக இருக்கவும். நம்பகத்தன்மை: உயர்வு.’

காப்பு பச்சையாகவே இருக்க எத்தனை வேளை விட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஹெலனுக்கும் தெரியவில்லை. பதினொரு பேரும் ஆளுக்கொரு கணக்காக விடத் தொடங்கினார்கள். ஒருவர் விடும் வேளையை இன்னொருவரிடம் சொல்வதில்லை. கூட்டாக விட்டால் அதுவும் ஒரே மாதிரிக் கோடுகளாகத் தெரிந்துவிடுமே என்ற பயம். நாளாக ஆக, வீட்டிலும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு மாலை பாக்கியத்தாய் தையல் இயந்திரத்தில் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஊசியருகே ஓடிய மணிக்கட்டில் காப்பு, இதுவரை காணாத பிரகாசத்தில் பச்சையாக எரிந்தது. அதைப் பார்த்ததும் சுடலைமுத்துவின் கை தானாகவே தன் இடுப்பின் இடப்பக்கத் தழும்புக்குப் போயிற்று.

“எத்தன வேளை விட்ட?”

“ஒண்ணும் விடல.”

“விடாமலா இப்படி எரியுது?”

அவள் தலை நிமிரவில்லை. முந்தானையை இழுத்துக் காப்பை மூடிக்கொண்டு, துணியைத் தொடர்ந்து தள்ளினாள்.