கட்டைவிரல் நாடி

அம்மாவின் இருமல் நின்றிருந்தது.

படியேறும்போதே மகளுக்கு அது உறைத்தது. ரத்தக்கொதிப்பு மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து வாசல்வரை வந்து வரவேற்கும் அந்த வறட்டு இருமல் இன்று இல்லை. நேற்றும் கேட்டதாக நினைவில்லை. பாழாய்ப்போன சனியன் ஒழிந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியவள், சாவியும் கையுமாகக் கதவருகே கொஞ்சநேரம் நின்றாள்.

அறையில் மழைக்கால மாலையின் மங்கல் வெளிச்சம், காயாத துணியின் வாடை, தைல வாடை, அதற்கும் அடியில் இனிப்பாக வேறேதோ ஒரு வாடை. அம்மா தலையணையில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? இன்னிக்கும் கட்டைவிரல்னுதான் கூப்பிட்டாங்களா?"

அது நர்ஸிங் வகுப்பில் மகளுக்கு விழுந்த பட்டப்பெயர். கட்டைவிரலுக்கென்றே ஒரு துடிப்பு உண்டு. அதை வைத்து நாடி பார்த்தால் நோயாளியின் நாடியென்று நம் நாடியையே எண்ணித் தொலைப்போம். ஆசிரியை எத்தனை திட்டினாலும் இவள் விரல் அங்கேதான் போகும்.

"ஆமாம்மா," என்று சிரிக்கப் பார்த்தாள்.

"சரி, கேள்வி கேளு," என்றாள் அம்மா.

மருந்துப் பாடம் மண்டையில் ஏறாமல் அவள் அழுதபோது, "எல்லாக் கருமத்தையும் நான்தானே முழுங்குறேன், என்னையே படி. நீ பாஸாகுற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன்," என்று அம்மா தொடங்கிவைத்த விளையாட்டு இது. அம்மாவை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

"நீர் பிரியுற மாத்திரை?"

"நாக்கு வறண்டுபோகும்."

"இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை?"

"கைகால் ஜில்லுனு ஆகும்."

ஆகியிருந்தது. மணிக்கட்டைப் பிடித்ததும் குளியலறைத் தரையைத் தொட்டதுபோல் இருந்தது. பக்கவிளைவுதான் என்று சொல்லிக்கொண்டாள். எழுந்து நடக்காதது தூக்க மாத்திரையால். பேச்சு இழுப்பதும் அதனால்தான். எல்லாவற்றுக்கும் பாடத்தில் ஒரு பதில் இருந்தது, அந்தப் பதில்களை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

துடிப்பைக் குறைக்கும் மாத்திரைக்கு முன் நாடியை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே போனால் தரக்கூடாது. எண்ணினாள். எண்பது. நேற்றும் இப்படித்தான், நன்றாகவே இருந்தது.

"நல்லா இருக்கும்மா. வாயைத் திற."

அம்மா திறந்தாள்.

நேற்றுக் கொடுத்த மாத்திரை நாக்கின்மேல் கிடந்தது. கரையவில்லை. நனையக்கூட இல்லை.

மகள் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

கட்டைவிரல்.

எடுத்தாள். இரண்டு விரல்களை வைத்தாள். அழுத்தினாள். இடம் மாற்றினாள். ஒன்றுமில்லை. கழுத்தில். ஒன்றுமில்லை. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. உள்ளே வந்ததிலிருந்து ஒருமுறைகூட இல்லை.

"அம்மா," என்றாள். "நேத்தே போயிட்டியாம்மா? நான் கவனிக்கலியே."

அம்மாவின் கை மெல்ல எழுந்தது. மகளின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுத்திலிருந்து விலக்கியது. கட்டைவிரலை மட்டும் பிடித்துத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டது.

"இதுலயே எண்ணு, கண்ணு. பரீட்சை முடியட்டும்."

மகள் அழுதபடி எண்ணினாள். தொண்ணூறு. நூறு. நூற்றிருபது.

அம்மா மறுபடி வாயைத் திறந்து, இன்றைய மாத்திரைக்காகக் காத்திருந்தாள்.