நாலு விரற்கடை

அரியலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரெட்டிபாளையம் போகும் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு குவாரி பங்களாவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. ஐப்பசி மாதம். முதல்நாள் பெய்த மழையில் வழியெல்லாம் பச்சையாக இருந்தது. அந்த இடம் மட்டும் வெள்ளை. சுண்ணாம்புக்கல் குவாரியின் விளிம்பில் இருந்த வேப்பமரமும் மதிலும் கொடியில் காய்ந்த துணிகளும் ஒரே தூசி நிறத்தில் இருந்தன.

அது 1981. என் பெயர் வைரக்கண்ணு. பெரம்பலூரில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறையில் கார் கதவும் கண்ணாடியும் சரி செய்வது என் வேலை. பட்டறைக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் நானும் என் மனைவி ரெங்கம்மாளும் குடியிருந்தோம். அறைக்கு ஜன்னல் கிடையாது. அவளுக்கு அப்போது ஆறு மாதம். பெயின்ட் நெடியில் இரவெல்லாம் இருமுவாள்.

குவாரி மேனேஜர் அரங்கநாதன் என்னை பங்களாவின் பக்கவாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். உள்ளே நான் சரி செய்ய வேண்டிய கார் நின்றது. பழைய ஓப்பன் கார். இரண்டே கதவுகள், மடக்கி விரிக்கும் தார்ப்பாய் டாப்.

"வெள்ளிக்கெழம என் தம்பிக்கு மாப்பிள்ள அழைப்பு. மழ வந்தா டாப்ப மூடித்தான் ஓட்டணும். பட்டுச்சட்டயில ஒரு சொட்டு விழப்படாது. மறுநாள் பொண்ணையும் இதுலதான் கூட்டியாறோம்."

"சரிங்க சார்."

"கண்ணாடிய நீ ஒழுங்கா ஏத்திட்டீன்னா ஒண்ணாந்தேதிலேருந்து நம்ம கேரேஜ்லயே இரு. குவாட்டர்ஸ் உண்டு. ரெண்டு ரூம்பு."

இரண்டு அறை என்றால் ஜன்னல் இருக்கும். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

இந்த மாதிரிக் கார்களில் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி தனியாக மேலே எழும்பி, டாப்பின் ஓரத்தில் ஓடும் கறுப்பு ரப்பரில் போய் முட்ட வேண்டும். அந்தக் காரில் இடது கண்ணாடி முட்டவில்லை. ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே சரியாக நாலு விரற்கடை இடைவெளி.

டிரைவர் குழந்தைவேல் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும்.

"பெரம்பலூரா? ரஞ்சன்குடிக் கோட்டையக்கூட தூக்கியாந்து இங்க வெச்சிரலாம் மெக்கானிக்கு. இந்தக் கண்ணாடிய ஏத்த முடியாது."

"ஏன் அண்ணே, நீங்க உக்காந்து புடிச்சிக்கிட்டு இருப்பீங்களோ?"

அவர் சிரிக்கவில்லை. "நாலு விரக்கடதான? இருந்துட்டுப் போவட்டுமே" என்றார்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினேன். அதற்காகக் கதவைத் திறக்கும் உள் கைப்பிடியையும் கழற்றி, சாக்கின் மேல் ஸ்பேனர்களோடு வைத்தேன். கதவுக்குள், கண்ணாடியின் உயரத்தைத் தீர்மானிக்கும் போல்ட்டை யாரோ வேண்டுமென்றே அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள். அதை மேலே ஏற்றி இறுக்கினேன். கண்ணாடி எழும்பி ரப்பரைத் தொட்டது.

அடுத்தது சாக்பீஸ் சோதனை. கண்ணாடியின் மேல் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து, கதவைச் சாத்தி, மறுபடி திறந்து பார்க்க வேண்டும். கண்ணாடி முட்டும் இடமெல்லாம் ரப்பரில் வெள்ளைக் கோடு விழும். கோடு அறுந்திருந்தால் அங்கே தண்ணீர் ஒழுகும்.

கோடு நான்கு இடத்தில் அறுந்திருந்தது.

பக்கத்துப் பக்கத்தில் நான்கு சின்ன இடைவெளிகள். கண்ணாடியைப் பார்த்தேன். அதே நான்கு இடத்தில் விளிம்பின் சாக்பீஸ் துடைபட்டிருந்தது. கண்ணாடியின் உள்பக்கமாக நான்கு மெல்லிய தீற்றல்கள் கீழே இறங்கின.

நான் வெளியே நின்றிருந்தேன். உள்ளே யாரும் இல்லை.

குழந்தைவேல் விளையாடுகிறார் என்று நினைத்தேன். திரும்பினால் அவர் இருபதடி தள்ளி பேட்டரியைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். சார்ஜுக்குக் கொண்டுபோக. என் கையே பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"மெக்கானிக்கு, பன்னெண்டரைக்கு மொத சங்கு ஊதும். எல்லாரும் கேட்டுக்கு அந்தாண்ட போயிரணும். வெடி போடுவாங்க. ரெண்டாஞ் சங்கு ஊதுனாத்தான் உள்ள வரலாம். ஒரு வெடி வெடிக்காம நின்னு போச்சுன்னா அத எடுக்குற வரைக்கும் ஊத மாட்டாங்க. என்னோட வந்துருங்க."

"வரேன், நீங்க போங்க அண்ணே."

நான் போகவில்லை. அங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் என்னை மாட்டிவிட்டது. வெடித்தால் தூசி பறக்கும். மாவுபோலத் தூசி. கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்திருந்தால், எங்கே துளி இடைவெளி இருக்கிறதோ அங்கே வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை. கொட்டகைக்குக் கல் வந்து விழாது என்றும் கணக்குப் போட்டேன்.

டாப்பை இழுத்து, முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு கொக்கிகளையும் குறடால் இறுக்கி மாட்டினேன். குறடை வெளியே போட்டுவிட்டு ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றினேன். கடைசிச் சுற்றில் ரப்பர் மெல்ல முனகியது. வெளிச்சத்தம் அத்தனையும் அமுங்கியது.

இவ்வளவு பொருத்தமாக நான் எந்தக் கண்ணாடியையும் ஏற்றியதில்லை. அரங்கநாதன் சாரின் முகத்தையும், இரண்டு அறையையும், ஜன்னலோரம் நிற்கும் ரெங்கம்மாளையும் நினைத்துக்கொண்டேன்.

சங்கு ஊதியது. தரை அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு வெள்ளைப் புகை கொட்டகைக்குள் நுழைந்து காரைச் சுற்றிக்கொண்டது. எதுவும் தெரியவில்லை. உள்ளே ஒரு பொட்டுத் தூசி வரவில்லை.

புகை அடங்கியதும் இறங்கலாம் என்று கண்ணாடிக் கைப்பிடியைச் சுற்றினேன்.

அது சும்மா சுற்றியது. கண்ணாடி இறங்கவில்லை.

கதவைத் திறக்கும் கைப்பிடி வெளியே சாக்கின் மேல் கிடந்தது. கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. வலது கதவு கொட்டகைச் சுவரோடு ஒட்டி நின்றது; அதன் கண்ணாடியும் துருவேறி இறங்க மறுத்தது. டாப்பின் கொக்கிகளைப் பிடித்து இழுத்தேன். குறடு போட்டு இறுக்கிய கொக்கி, வெறும் விரலுக்கு அசையவில்லை. ஹாரனை அழுத்தினேன். பேட்டரி சைக்கிளில் போய்விட்டிருந்தது.

இருக்கட்டும், ரெண்டாஞ் சங்கு ஊதினால் குழந்தைவேல் வந்துவிடுவார் என்று உட்கார்ந்தேன்.

ரெண்டாஞ் சங்கு ஊதவில்லை.

மழைக்கு முந்தைய வெயில் தகரக் கூரையைக் காய்ச்சியது. சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. ஒவ்வொரு மூச்சும் முந்தைய மூச்சைவிடக் குட்டையாக வந்தது. பழைய சீட்டின் நாற்றத்துக்கு நடுவே வேறொரு வாசனை எழுந்தது. மஞ்சள். வாடிய மல்லிகை. புதுப்புடவையின் கஞ்சி வாசம்.

படுத்துக் காலால் கண்ணாடியை உதைத்தேன். அதிரக்கூட இல்லை. டாப்பின் தார்ப்பாயை நகத்தால் கிழிக்கப் பார்த்தேன். அப்போதுதான் உள்துணியில் ஏற்கெனவே இருந்த கீறல்களைப் பார்த்தேன். கொத்துக் கொத்தாக.

நான்கு நான்காக.

பக்கத்து சீட் மெல்ல அமுங்கியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னுடைய மூச்சோடு இன்னொரு மூச்சும் கேட்டது. வேகமாக, மேலோட்டமாக, காற்றைத் தேடும் மூச்சு.

அட்டை கழற்றிய கதவுக்குள் கையை விட்டேன். நான் காலையில் ஸ்பேனர் போட்டு இறுக்கிய போல்ட் விரலில் பட்டது. திருகினேன். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"யாத்தே..." என்றேன். யாரைக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

காதருகே ஒரு குரல், உதடு அசையாமல் பேசுவதுபோல:

"சங்கு ஊதிருச்சாங்க?"

"இன்னும் ஊதல" என்றேன்.

என் விரல்களின் மேல் வேறு விரல்கள் வந்து படிந்தன. அந்தச் சூட்டிலும் ஈரமாக, குளிர்ந்து இருந்தன. அவை என் விரலோடு சேர்த்து போல்ட்டை அழுத்தின. திருகின.

போல்ட் நகர்ந்தது.

கண்ணாடி ஒரு குலுக்கலோடு கீழே விழுந்து நின்றது. நாலு விரற்கடை. நான் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, அந்தச் சந்தில் வாயை வைத்து உறிஞ்சினேன். சுண்ணாம்பு மணக்கும் காற்று. அதைப்போல இனிப்பான எதையும் நான் தின்றதில்லை.

மூச்சு திரும்பியதும் என் கையைப் பார்த்தேன். கண்ணாடி விளிம்பில் என் நான்கு விரல்கள்.

அவற்றை ஒட்டி, இன்னும் நான்கு விரல்கள்.

நகங்கள் பிய்ந்திருந்தன. மோதிர விரலில் மஞ்சள் கயிறு சுற்றிய மோதிரம்.

எவ்வளவு நேரம் நாங்கள் இருவரும் அப்படித் தொங்கினோம் என்று தெரியாது. வெளிக் கைப்பிடி என் நினைவுக்கே வரவில்லை. சங்கு ஊதியது. அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து நழுவின. நான் சந்து வழியே கையை நுழைத்து, வெளிக் கைப்பிடியை அழுத்தித் தரையில் விழுந்தேன். மணி நாலு.

குழந்தைவேல் ஓடிவந்து என் முகத்தில் தண்ணீரை அடித்தார். அவர் பார்வை கண்ணாடிக்குப் போய், இடைவெளியை அளந்துவிட்டு, என்னிடம் திரும்பியது.

"வந்துச்சா?"

தலையசைத்தேன்.

"முன்ன இருந்த கான்ட்ராக்டரு சம்சாரம். பச்சையம்மாள்னு பேரு. கல்யாணமாயி மூணாம் நாளு. தூசி படும், கண்ணாடிய ஏத்திக்க, ரெண்டாஞ் சங்கு ஊதுற வரைக்கும் எறங்காதன்னு சொல்லிட்டுக் குவாரிக்குப் போனாரு. அன்னிக்கும் ஒரு வெடி வெடிக்கல. உள்கைப்பிடி ஒடஞ்ச வண்டி, ஏத்துன கண்ணாடியும் எறங்கல. ஊதும் ஊதும்னு இருந்து, உள்ளயே மூச்சு முட்டிச் செத்துப்போச்சு அந்தப் புள்ள." வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "நாந்தான் போல்ட்ட எறக்கி வெச்சேன். அந்த எடைவெளி இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்."

"காலையிலயே ஏன் சொல்லல அண்ணே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? வண்டியப் பத்திப் பேய்க்கத சொல்றான்னு சார் காதுக்குப் போனா எனக்கு வேல இருக்குமா?"

சனிக்கிழமை மத்தியானம் அந்த சீட்டில் இன்னொரு புதுப்பெண் உட்காருவாள். தூசி படாமல் இருக்க யாராவது கண்ணாடியை ஏற்றச் சொல்வார்கள். அவளும் சொன்னதைக் கேட்பாள்.

போல்ட்டை அடிமட்டத்துக்கு இறக்கினேன். சுத்தியலால் ஓங்கி அடித்து அதன் தலையை முறித்தேன். இனி எந்த ஸ்பேனருக்கும் அது பிடிகொடுக்காது. முறிந்த தலையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அரங்கநாதன் வந்து அந்தச் சந்தில் தன் விரல்களை விட்டுப் பார்த்தார்.

"இதுக்குத்தான் பெரம்பலூர்லேருந்து வந்தியா?"

"இதுக்கு மேல ஏறாதுங்க சார்."

"காலையில ஏறிருச்சுன்னு குழந்தைவேலு சொன்னானே?"

குழந்தைவேல் தரையைப் பார்த்தார். "நாந்தான் தப்பாப் பாத்துட்டேங்க."

"ஒரு கண்ணாடிய ஏத்தத் தெரியல, இதுல கேரேஜ் வேல கேக்குதா ஒனக்கு? போ."

அன்று இரவு ரெங்கம்மாளிடம் வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை என்னால் பட்டறையில் இருப்புக்கொள்ளவில்லை. அரியலூருக்குப் போய், கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். அந்தியில் மழை பிடித்தது. நாயனக்காரர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசித்து வந்தார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கார் ஊர்ந்தது. டாப் மூடியிருந்தது.

குழந்தைவேலின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. பின்சீட்டில் மாப்பிள்ளை மாலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முன்பக்க இடது சீட் காலி.

கண்ணாடியின் சந்து வழியாக மழை உள்ளே அடித்தது. குடையோடு பக்கத்தில் நடந்துவந்த அரங்கநாதன் அதைப் பார்த்தார். தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை மடித்துச் சந்தில் திணித்தார்.

துணி வெளியே விழுந்தது.

குனிந்து எடுத்தார். இந்தமுறை நன்றாக அழுத்தித் திணித்தார். நான் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி மெல்ல, மடிப்பு மடிப்பாக, உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டுச் சேற்றில் விழுந்தது.

மூன்றாம் முறை அவர் துணியை எடுக்கவில்லை. வெறும் கையைச் சந்துக்குள் விட்டார்.

அப்படியே நின்றுவிட்டார். கார் நகர, அவர் கை அதோடு நான்கடி இழுபட்டுப் பிறகு விடுபட்டது. குடை உருண்டு ஓடியது. அவர் தன் மணிக்கட்டை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

நான்கு வெள்ளைக் கோடுகள். சுண்ணாம்புத் தூசியில் பதிந்த விரல்கள். அத்தனை மழையிலும் அவை கரையவில்லை.

கார் என்னைத் தாண்டிப் போயிற்று. கண்ணாடி விளிம்பை உள்ளிருந்து பற்றியபடி, நான்கு விரல்கள் மழையில் நனைந்துகொண்டு போயின.