சாப்பிட்டிட்டுப் போகலாம்

வாசல் மிதியடியில் தேங்கியிருந்த தண்ணீர் சூடாக இருந்தது.

துடைக்கக் குனிந்த சிசிலி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். வெளியே நவம்பர் மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாய் உறைந்துகொண்டிருந்தது. மொன்றியலின் இல்-பிசார் தீவில் ஐந்து மணிக்கே இருட்டு அப்பிக் கிடந்தது. வீட்டுக்குள் வந்த இந்தத் தண்ணீர் மட்டும், பகல் முழுக்க வெயிலில் காய்ந்த ஆற்றுத் தண்ணீர் போல வெதுவெதுப்பாக, சேறும் அழுகிய புல்லும் மிருகச் சாணமும் கலந்த மணத்தோடு கிடந்தது. அந்த மணம் அவளுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் சாம்பேசி ஆற்றில் மூக்கை விட்டுப் போகாமல் நின்ற மணம்.

"இஞ்சேருங்கோ, ஆரும் வந்தவையோ?"

"எலிசா சப்பாத்தோட ஓடித்திரிஞ்சிருப்பாள். உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்," என்றான் கணவன் பேனாட், கமராவின் வயரைத் தொலைக்காட்சியில் செருகியபடி.

அவன் நண்பன் எமிலியானுஸ் குடும்பத்தோடு பயணப் படம் பார்க்க வருகிறான். பேனாட்டின் கம்பெனி அவனை சாம்பியாவுக்கு வேலையாக அனுப்பியபோது சிசிலியும் கூடப் போனாள். ஒரு வார இறுதி முழுக்க மலையேற்றம், யானை பார்ப்பது, கனூப் படகு ஓட்டுவது. அரை மலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தியவன், யானை காதை அசைத்ததற்கே ஜீப் இருக்கைக்குக் கீழே குனிந்தவன், துடுப்பை எந்தப் பக்கம் போடுவதென்று தெரியாமல் கனூவை நின்ற இடத்தில் சுற்ற வைத்தவன், மொன்றியலில் வந்திறங்கியதும் நீர்யானையை அதட்டி விரட்டிய சூரன் ஆகிவிட்டான்.

ஒன்றை மட்டும் நடந்தது நடந்தபடியே சொல்வான். அவனுக்கு அது பெரிய பகிடி.

பொழுது சாய்ந்த நேரம், ஆற்றின் வளைவில், நீர்யானைகளுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. வழிகாட்டி மோசஸ் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, அந்தாளோடு பேச வேண்டாம் என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். கனூக்காரன் தனக்குப் புத்தி சொல்வதா? பேனாட் எழும்பி நின்று தமிழில் கத்தினான்.

"அண்ணை! உதுக்குள்ள இருந்து என்ன செய்யிறியள்? மொன்றியலுக்கு வந்தா எங்கட வீட்டை வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்!"

காண்கிறவர்களுக்கெல்லாம் அவன் சொல்வதுதான். ஒருநாளும் மனதாரச் சொன்னதில்லை. பத்து வருடத்துக்கு முன் கோயில் மண்டபத்தில் அதே குரலில்தான் அவளையும் "வாங்கோ" என்றான். அவள் அதை நம்பிக் கலியாணம் கட்டி வந்தவள்.

தண்ணீரில் இருந்தது திரும்பவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டியது. ஓம் என்பதுபோல. அதற்குப் பிறகு கரை சேரும்வரை மோசஸ் பேனாட்டின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

தொலைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் எமிலியானுஸ்.

"மச்சான், றோட்டு முழுக்க ஐஸ். பாலத்தடியில கார் வழுக்கிப்போட்டுது. நாங்கள் திரும்பிப் போறம்."

"பயந்தாங்கொள்ளி! நாங்கள் நீர்யானைக்கே பயப்பிடேல்ல," என்று சிரித்தபடி தொலைபேசியை வைத்தான் பேனாட்.

வாசல் மணி அடித்தது.

"பாத்தியே? வாசல்ல நிண்டுகொண்டு பகிடி விடுறான்."

"திறக்காதேங்கோ." என்றாள் சிசிலி. சாப்பாட்டறையில் எட்டு வயது மகள் எலிசா தட்டுகளை அடுக்கும் ஓசை கேட்டது. வருகிறவர்களை இருக்கச் சொல்லிச் சோறு போட சிசிலியே பழக்கிய பிள்ளை. "பிள்ளை உள்ள நிக்குது. சொன்னாக் கேளுங்கோ, திறக்காதேங்கோ!"

"விசரி," என்று திறந்தான்.

ஒருவரும் இல்லை. மழை. தெருவிளக்கு. வாசற்படியில் படர்ந்திருந்த ஐஸ் இரண்டு இடத்தில் மட்டும் உருகி ஆவி விட்டது. பாதங்களின் வடிவம். ஆனால் எந்த மனிதருடைய பாதத்தையும்விடப் பெரிது.

பேனாட் அதைப் பார்க்கவில்லை. அவன் எதைத்தான் பார்த்தான்? இருட்டைப் பார்த்துக் கையை விரித்தான்.

"சாப்பாடு ரெடி அண்ணை! வெக்கப்படாமல் வாங்கோ!"

தன் பகிடிக்குத் தானே சிரித்தான். சிசிலி கதவை இழுத்துச் சாத்திப் பூட்டைத் திருப்பினாள். ஒருமுறை. இன்னொருமுறை. பிறகுதான் கீழே பார்த்தாள்.

மிதியடியில் தண்ணீர் இல்லை.

ஈரம் வீட்டு நடைத் தரையில் நீண்டிருந்தது. உள்ளே. சாப்பாட்டறைப் பக்கம்.

கதிரை ஒன்று இழுபடும் சத்தம்.

"போன்ஜூர்." பிரெஞ்சில் வணக்கம் சொல்லும் எலிசாவின் குரல். "இதில இருங்கோ."

பேனாட்டின் சிரிப்பு நின்றது. "பிள்ளை ஆரோட கதைக்குது?" அந்தக் குரலில் ஏளனம் இல்லை. அவனிடம் அப்படியொரு குரலை சிசிலி இதற்குமுன் கேட்டதேயில்லை.

சிசிலி ஓடினாள்.

விளக்கு எரிந்தது. மேசைத் தலைமாட்டுக் கதிரை. அகன்ற முதுகு. சாம்பல் நிறம். முடி இல்லை. தோளிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டேயிருந்தது. பக்கத்தில் எலிசா, கரண்டி நிறையச் சோற்றோடு.

"அம்மா, இவருக்குச் சோறு வேண்டாமாம்."

ஈரக் கை ஒன்று பிள்ளையின் தலைமேல் இருந்தது, ஆசீர்வதிப்பதுபோல. விரல்கள் நெற்றியைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, நாடிவரை நீண்டிருந்தன.

"அப்பாதானாம் சாப்பிட்டிட்டுப் போகச் சொன்னவர்."

முதுகைக் காட்டியபடியே, அது தலையை மெல்ல ஆட்டியது.