மதினியின் சாவிக்கொத்து

"தேங்காய யாரு விட்டா என்ன, உலகு? காடித் தண்ணிக்குத்தானே போகுது…"

"போகுதுதான்! யாரு கையால போகுதுன்னு ஒண்ணு இருக்குல்லா?"

காலங்காத்தாலேயே ஆரம்பித்துவிட்டாள் உலகம்மாள். அடுப்பில் காப்பி கூடக் கொதிக்கவில்லை. மஞ்சள் பூசிய தேங்காயை முறத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்த சொர்ணம்மாளுக்கு, கொழுந்தன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததுமே இது இன்றைக்கு லேசில் ஓயாது என்று தெரிந்துபோயிற்று.

தாராவிக்குப் பின்புறம் கடல்தண்ணீர் ஏறி இறங்கும் வாய்க்காலுக்குக் காடி என்று பெயர். அதன் கரையில் கோலி வலைக்காரர்களின் வீடுகளை ஒட்டித் திருநெல்வேலிச் சீமைக் குடும்பங்கள் ஏழெட்டு இருந்தன. வலைக்காரர்களுக்கு மீன் என்றால் இவர்களுக்குச் சுமை. மாகிம் பக்கம் வந்து இறங்கும் ஆவாரம்பட்டையையும் சுண்ணாம்பையும் தோணியில் ஏற்றி வந்து கரீம் பாட்சாவின் தோல் பதனிடும் ஷாப்பில் போடவேண்டும். தண்ணீர் ஏறும்போது உள்ளே வந்து, வற்றுமுன் வெளியே போய்விடவேண்டும். நேரம் தப்பினால் தோணி சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஈ ஓட்டவேண்டியதுதான்!

மழை தணிகிற பௌர்ணமியன்று வலைக்காரர்கள் தோணிகளுக்குப் பூச்சுற்றிக் கடலுக்குத் தேங்காய் விடுவார்கள். ஊரோடு ஒத்துப் போகவேண்டும் என்று இந்தக் குடும்பங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. தோணியை நடத்துகிறவர் எவரோ அவர் கைதான் தேங்காய் விடவேண்டும். பிரம்மநாயகம் இருந்தவரை அவன் விட்டான். அவன் விஷக்காய்ச்சலில் போன பிறகு அவன் பெண்டாட்டி சொர்ணம்மாள் விட்டுவந்தாள். பிள்ளை குட்டி இல்லாதவள், கொழுந்தன் செல்லப்பாண்டியைத் தூக்கி நிறுத்தினவள். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் தை மாதத்தில் ஊருக்குப் போய் அவனுக்குப் பெண்ணும் பார்த்துக் கட்டிவைத்தாள். அப்படி வந்தவள்தான் இந்த உலகம்மாள்.

"இந்த வருசம் எங்க வீட்டுக்காரருதான் விடணும். நீங்க தோணியில ஏறவே கூடாது, அக்கா."

"ஏட்டி, சும்மா கெட…" என்று மூலையிலிருந்து முனகினான் செல்லப்பாண்டி.

"நான் எதுக்குச் சும்மா கெடக்கணும்? ஏறுனா மதினி கூட, எறங்குனா மதினி கூட! நீங்க ஒரு நா தனியா கம்பு பிடிச்சிருக்கியளா? 'மதினி முந்தானையப் பிடிச்சிக்கிட்டுத் தோணி விடுதான்'னு குழாயடியில சிரிக்காளுவ. எனக்குக் காது செவிடா?"

"சிரிக்கவ வாயத் தைக்க முடியுமா, உலகு?" என்றாள் சொர்ணம்மாள்.

"அப்ப அந்தச் சாவி? பெட்டியில என்ன கொட்டியா கெடக்கு? ரெண்டு பழம்புடவை! அதுக்கு ஒரு முழங்கொத்து… உறங்கும்போதுங்கூட இடுப்ப விட்டு எறங்காது. என்னையக் கள்ளின்னுதானே நெனைக்கிய?"

சொர்ணம்மாள் பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை அதோடு நின்றிருக்கும். பதில் வராத சண்டையில்தான் வார்த்தை எல்லை தாண்டும்!

"தாலியறுத்த கையால விட்ட தேங்காயாலதான் இந்தக் குடும்பம் வெளங்காமக் கெடக்கு!"

சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லப்பாண்டி தரையைப் பார்த்தான். வாயைத் திறக்கவேண்டியவன் அவன்தான், அந்தப் பாவி திறக்கவில்லை.

சொர்ணம்மாள் அழவில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, தன் கையாலேயே உலகம்மாளின் இடுப்பில் சொருகினாள்.

"இந்தா. கழட்டிராத. தோணியில நீயும் ஏறிக்கோ. அவன் கூடவே, கையெட்டுத தூரத்துல உக்காந்துக்கோ. சரியா?"

"நீங்க…?"

"எங்க அண்ணன் கல்யாண் டேசன் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காவ. மத்தியான வண்டிக்குப் போறேன்."

"மதினி!" என்று எழுந்துவிட்டான் செல்லப்பாண்டி.

"நல்ல நாளும் அதுவுமா எதுவும் பேசாத, தம்பி. தண்ணி ஏறுது. கெளம்பு."

கரையில் ஒரே மேளம். செவ்வந்தி மாலை போட்ட தோணிகள் ஒவ்வொன்றாக நடுக்காடிக்குப் போயின. சொர்ணம்மாள் துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். ரயிலுக்குப் போகிறவள் ரயிலுக்குப் போகவேண்டியதுதானே? கால் நகரவில்லை. அவர்கள் திரும்பிக் கரையில் இறங்குகிறதைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

செல்லப்பாண்டி கம்பை வைத்துவிட்டுத் தேங்காயை இரண்டு கையாலும் ஏந்தி எழுந்தான். எழுந்தவன் அப்படியே நின்றான். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிற்று.

சாமி கும்பிடுகிறான் என்றுதான் கரையில் எல்லாரும் நினைத்தார்கள். சொர்ணம்மாளுக்கு மட்டும் அது என்னவென்று தெரியும்.

"உலகு! அவனப் பிடி! பிடிளா!"

மூட்டை எங்கே விழுந்ததென்று தெரியாது. அவள் சேற்றை மிதித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். அதற்குள் செல்லப்பாண்டி தோணிக்குள்ளேயே சாய்ந்துவிட்டான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தோணி ஒரு பக்கமாகச் சரிந்தது. உலகம்மாள் அவன் சட்டையைப் பற்றிக்கொண்டு, "ஐயோ! ஐயோ அக்கா!" என்று அலறினாள்.

"பயப்படாத! ஒருக்களிச்சுப் படுக்க வையி! தலைய மடியில தாங்கு! சாவி… அந்தச் சாவிய அவன் கையில குடு!"

உலகம்மாள் இடுப்பிலிருந்த கொத்தைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். விரல்கள் இரும்பை இறுக்கிக்கொண்டன. இரும்பு வலிப்பை நிறுத்துமோ நிறுத்தாதோ, அது வைத்தியருக்குத்தான் தெரியும். சொர்ணம்மாள் கண்ட வைத்தியம் அது ஒன்றுதான். சற்றைக்கெல்லாம் இழுப்பு தணிந்து மூச்சு சீராயிற்று. ஒரு வலைக்காரன் தன் தோணியை அணைத்து, இவர்கள் தோணியைக் கரைக்கு இழுத்துவந்தான். தேங்காய் எப்போது தண்ணீரில் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் கிடத்தினார்கள். கண் விழித்ததும் செல்லப்பாண்டி முதலில் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். கண்ணில் மளமளவென்று நீர் கொட்டிற்று.

"மதினி மேல ஒரு குத்தமும் கெடையாது, உலகு. பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லிரணும்னுதான் சொன்னாவ… நான்தான் செத்துப்போன அண்ணன் மேல சத்தியம் வாங்குனேன். வலிப்புக்காரனுக்கு எவ கழுத்த நீட்டுவா? காலையில நீ அந்தப் பேச்சுப் பேசுத… அப்பவும் நான் வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டுல்லா இருந்தேன்! நானெல்லாம் ஒரு ஆம்பிளையா…"

அழுதபடியே அசதியில் மறுபடி உறங்கிப்போனான்.

உலகம்மாள் சொர்ணம்மாளின் சேறு அப்பிய காலில் விழுந்தாள்.

"என் நாக்கு அழுகிப் போகட்டும், அக்கா! என்ன சொல்லிட்டேன் நான்… உங்களப் பாத்து என்ன சொல்லிட்டேன்!"

"எந்திரி. நாக்கு அழுகிட்டா இங்க சண்ட போடுததுக்கு ஆளு வேண்டாமா? வீடு வெறிச்சுன்னு போயிரும்!" என்று அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள் சொர்ணம்மாள்.

கொஞ்ச நேரம் அந்தத் தோளிலேயே விம்மினாள் உலகம்மாள். பிறகு சட்டென்று விலகினாள்.

"ஆனா நீங்க செஞ்சதும் சரியில்ல, அக்கா. சத்தியம் உங்களுக்கு. வாழ்க்கை என்னுது! போறதா இருக்கதான்னு நான்ல சொல்லணும்? ஒரே சட்டிச் சோத்தத் தின்னோம்… எங்கிட்டச் சொல்லத் தோணலியே!"

நல்ல கேள்வி. ஊர்ப் பேச்சையெல்லாம் ஒரு சிரிப்பில் தள்ளிவிட்ட சொர்ணம்மாளுக்கு இதைத் தள்ள முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதான், உலகு. எங்க அண்ணன் மகளுக்குன்னா சொல்லியிருப்பேன். ஒனக்குச் சொல்லல. அவன் பொழைக்கணும்னு ஒன்னைய நெனைக்காம விட்டுட்டேன்… இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. ஒனக்கு வேண்டாம்னு பட்டா நானே ஊருக்குக் கூட்டிட்டுப் போயி ஒங்க ஐயாகிட்ட ஒப்படைக்கேன். குத்தம் எங்க பேர்லன்னு சொல்லுதேன்."

பாயில் வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் உலகம்மாள். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவனுடைய வாழ்வு இந்தப் பெண்ணின் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் நின்றது.

"எப்பெப்ப வரும்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"என்னது?"

"இந்த வலிப்புதான். எப்பெப்ப வரும்? வருததுக்கு முந்தி தெரியுமா?"

சொர்ணம்மாள் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மெல்லச் சொல்லத் தொடங்கினாள். பசியோடு இருக்கக் கூடாது. தண்ணீரில் வெயில் அடித்து மின்னுகிறதை ரொம்ப நேரம் பார்க்கக் கூடாது. கழுத்து திரும்பினால் வரப்போகிறது என்று அர்த்தம். சயானில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார், அதைத் தின்றால் கொஞ்ச நாள் மட்டுப்படும், தின்ன மறந்துவிடுவான் கழுதை! விடியற்காலையில் கண் விழிக்கிற நேரம்தான் ரொம்ப மோசம்.

"அதான் அவன் முழிக்கதுக்கு முந்தி நான் முழிச்சிருவேன்."

"தெனமுமா?"

"ஒங்க அத்தான் போன நாள்லேர்ந்து."

உலகம்மாள் எழுந்தாள். சேறும் தண்ணீருமாகக் கிடந்த துணிமூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக அலசிக் கொடியில் போட்டாள். கல்யாண் வண்டி எப்போதோ போயிருக்கும். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. சாயங்காலம் ரேஷன் அரிசியில் கஞ்சி வைத்து மூன்று பேரும் குடித்தார்கள். படுக்கும்போது உலகம்மாள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: "நாளைக்கு நான் முழிச்சுக்கிடுதேன். நீங்க படுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு, எப்படியும் தான் எழுந்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டுதான் சொர்ணம்மாள் படுத்தாள்.

கண் திறந்தபோது தகரக் கூரையின் ஓட்டை வழியாகச் சுள்ளென்று வெயில் முகத்தில் அடித்தது. பக்கத்தில் பாய் காலி!

"தம்பி!" என்று அலறியடித்துக்கொண்டு, முந்தானை தரையில் புரள வெளியே ஓடினாள்.

செல்லப்பாண்டி தோணிக்குள் நின்று மழைத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் தோணி விளிம்பில் உட்கார்ந்து, செம்பிலிருந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள் உலகம்மாள்.

"என்னத்துக்கு இப்படி ஓடி வாரிய? அவிய முழிச்சாச்சு, மொகங் கழுவியாச்சு, மாத்திரையும் முழுங்கியாச்சு. நல்லாத்தான் இருக்காவ. போயி இன்னுங் கொஞ்ச நேரம் படுங்க, அக்கா!"

சொர்ணம்மாள் அங்கேயே நின்றாள். தாலியறுத்தவள் என்று சொன்னபோது அழாதவள், தண்ணீரில் நின்று கத்தும்போது அழாதவள், வாசலில் பொத்தென்று உட்கார்ந்து சின்னப் பிள்ளையைப் போல ஓவென்று அழுதாள்.

உலகம்மாள் செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "என்னக்கா? என்ன செய்யுது? எதுக்கு அழுதிய?"

"தெரியல, உலகு…" என்றாள் சொர்ணம்மாள், அழுகைக்கு நடுவே சிரித்துக்கொண்டு. "நல்லா உறங்கிட்டேன்!"